தொப்பி போட்ட வழுக்கை

தங்கள் அணிக்கு ஆள் எடுக்க வரும் கல்லூரிப் பயிற்சியாளர்கள், தங்களை யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று கல்லூரித் தொப்பியைப் பைக்குள் ஒளித்துவைப்பார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் குளிருக்கு என் வழுக்கை அஞ்சியதால், நான் அதைப் போட்டுக்கொண்டே அரங்கின் உச்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்திருப்பது எதிரணி கோல்கீப்பருக்காக. உள்ளூர் அணியின் டார்சிக்கு அது தெரியாது. இருபது வயது, ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் இதுவே கடைசிப் பருவம்; இனி ஏதாவது கல்லூரி எடுத்தால்தான் ஆட்டம். பனித்தரையைக் கீறி நிற்கும்போதெல்லாம் என் தொப்பியைத்தான் பார்க்கிறான். அவனைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடும் லவர்ன், காபியோடு படியேறி வருகிறாள். "உங்களப் பார்த்ததுலேருந்து பையனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, கோச். என் ஃபிரிட்ஜையே காலி பண்றான், கூட்டிட்டுப் போயிருங்களேன்!" சிரிக்கிறாள்; கண்கள் சிரிக்கவில்லை. "நல்ல ஆட்டக்காரன்" என்கிறேன், நாக்குக் கூசாமல். கீழே டார்சி, தனியாக நிற்கும் கூட்டாளிக்குத் தராமல் தானே அடிக்கிறான். வட்டு கண்ணாடித் தடுப்பில் மோதி அதிர்கிறது. "யாருக்குடா வித்த காட்டுற? வந்து உக்காரு!" என்று அவன் பயிற்சியாளர் கத்துகிறார். பெஞ்சில் உட்கார்ந்தவன், வியர்வை ஆவி பறக்க, என்னை நிமிர்ந்து பார்க்கிறான். என் கட்டைவிரல், வெட்கங்கெட்டது, தானாக உயர்கிறது. "தேங்க்ஸ், கோச்" என்கிறாள் லவர்ன், மூக்கை உறிஞ்சியபடி.