அண்ணன் ரத்தம்

"இந்தக் கல்யாணம் வேணாம் அண்ணி. அந்த ரத்தம் எங்க வீட்டுக்கு ஒத்துவராது."

திலகா இப்படிப் போட்டு உடைத்ததும் அவள் கணவர் திருநாவுக்கரசுக்குக் குடித்த மைலோ தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெண்டாட்டிக்கு வாய் நீளம்தான். அதற்காக இப்படியா?

மலேசியாவில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணி முத்தாயியின் வீடு அது. திலகாவின் அண்ணன் மணியம் கணையப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியிருந்தது. பிறவியிலேயே ஜீனில் ஒரு பிழை, குடும்பத்தில் ஓடும், ரத்த சொந்தமெல்லாம் டெஸ்ட் எடுங்கள் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

மணியத்தின் மகள் ரோகினிதான் திலகாவின் மகன் புனிதனுக்கு என்று சின்ன வயசிலேயே பேசி வைத்தது. இன்றைக்குத் தேதி குறிக்க வந்த இடத்தில்தான் இந்தப் பேச்சு.

ரோகினி உள்ளேயிருந்து வந்தாள்.

"அத்த, நான் டெஸ்ட் எடுத்துட்டேன். எனக்கு இல்லன்னு வந்துருச்சு."

"வந்தா என்ன? நீ உங்கப்பா மகதானே?"

முத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "கூடப் பொறந்த அண்ணன் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

செம்பனைக் காட்டைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓட்டினார் திருநாவுக்கரசு. அதற்குமேல் முடியவில்லை.

"நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு? உங்கண்ணன் ரத்தம்னா அது உன் ரத்தம் இல்லையா?"

"என் ரத்தம்தான். நானும் டெஸ்ட் எடுத்தேன். புனிதனும் எடுத்தான். ரெண்டு பேருக்கும் அந்தப் பிழை இருக்கு."

கார் ரோட்டோரமாய் நின்றது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். அந்த நோய் வந்தே தீரும்னு இல்லயாம். ஆனா ஆயுசுக்கும் செக்கப் போய்க்கிட்டே இருக்கணுமாம்."

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அத அங்கயே சொல்லியிருக்கலாம் லா. எதுக்கு இந்தக் கெட்ட பேரு?"

"சொன்னா ரோகினி, பரவால்லன்னு கட்டிக்குவா. 'எப்படியாவது அவ என்னை வெறுக்கட்டும்மா'ன்னான் புனிதன். அவன ஏன் வெறுக்கணும், என்னய வெறுத்துட்டுப் போகட்டும்."

திலகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைசிவரைக்கும் அப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ அவ. புருஷனுக்கும் அள்ளணுமா?"