ஆளுநர் மேசையின் கூழாங்கல்

அறவாழி வக்கீலாக இருந்தபோது ஓர் ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல் அது. அந்த நாளில் ஏழைகளின் வழக்குக் காகிதங்கள் அதன் அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆளுநரானதும் அவர், எந்த மனுவும் மூன்று நாளுக்கு மேல் மேசையில் தங்கக் கூடாதென்று விதி செய்துவிட்டார். அதிலிருந்து ஐந்து வருஷமாகக் கல்லுக்கு வேலையே இல்லை.

“பறக்க ஒரு காகிதம் கிடையாது. உனக்கு எதுக்குப்பா இவ்வளவு கனம்?” என்று மின்விசிறி சீண்டும்.

அவர் பதவி முடிந்து போகும் நாளன்று செயலாளர் ஒரு மனுவைக் கொண்டுவந்து கல்லுக்கு அடியில் வைத்தார். வழியனுப்ப வந்தவர்கள் மேசையில் மாலைகளைக் குவித்து மனுவை மறைத்துவிட்டார்கள். கல்லுக்கோ மனசெல்லாம் குளிர்ச்சி.

“அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்றது மனு.

“இருடா தம்பி, இப்பத்தானே வந்தே. எவ்வளவு நாளாச்சு, என்கிட்ட ஒருத்தர் தங்கி!”

“நான் தங்க வரலைண்ணே. ஜெயில்ல இருக்கிற வெள்ளத்தாயிக்கு விடுதலை கேட்டு வந்திருக்கேன். அவ பிள்ளை வெளியே தனியா இருக்கு. அய்யா கிளம்பிட்டாருன்னா, அடுத்தவர் எப்ப பார்ப்பாரோ!”

அறவாழி வாசற்படியில் கால் வைத்துவிட்டார்.

கல் ஒரு கணம் மனுவை இன்னும் அழுத்திக்கொண்டது. பிறகு மேலே கிடந்த மாலைகளைத் தள்ளிக்கொண்டு உருண்டு, டொக்கென்று தரையில் விழுந்தது.

“அடடா, உன்னை மறந்துட்டேனே!” என்று திரும்பி வந்து குனிந்தவரின் காலடியில், விசிறிக் காற்று மனுவைக் கொண்டுபோய்ப் போட்டது. அவர் நின்றபடியே படித்தார். மாலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து கையெழுத்திட்டார்.

செயலாளர் கையில் போன மனு, “வர்றேண்ணே” என்று சொல்லத் திரும்பியது.

“பேசிட்டு நிக்காதே, ஓடு” என்றது கல்.