சீட்டின் பின்பாதி

ஷட்டர் இடுக்கு வழியே விழும் மாலை வெயிலில் பஞ்சுத்தூள் மினுங்கி மிதக்கிறது. தன் க்ரூசர் பைக்கின் சீட்டை மடியில் கிடத்தி, தூங்கும் குழந்தைக்கு முடி வெட்டுகிறவனைப் போல அண்ணன் அதன் பஞ்சைப் பதமாகச் சீவுகிறான். போன வாரம் குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து அளவு கொடுத்தது தங்கையின் தப்பு. அந்த அளவுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்றியும் தரை அவள் காலுக்கு எட்டவில்லை. “இன்னிக்கு வெறுங்கால்ல ஏறு, குள்ளச்சி. வண்டிய ஏமாத்த முடியாது.” “போண்ணா, நெட்டக்கொக்கு!” உறையை இழுத்துப் போர்த்தி சீட்டை மாட்டுகிறான். நாளை புது வேலைக்கு அவள் தனியாக ஓட்டிப்போக வேண்டிய வண்டி; கால் எட்டாவிட்டால் பஸ்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி அமர்கிறாள். குளிர்ந்த சிமெண்ட் தரை முதலில் விரல்களைத் தொடுகிறது, பிறகு உள்ளங்கால்களை, கடைசியில் இரண்டு குதிகால்களையும். “இறங்கு, நானும் பாக்கறேன்” என்று அண்ணன் ஏறுகிறான். அவன் முழங்கால்கள் வெட்டுக்கிளியின் கால்களாய் மடிந்து ஹேண்டிலை இடிக்கின்றன. அவளுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. “இனிமே உன்னால இத ஓட்ட முடியாதேண்ணா.” அவன் பெட்ரோல் டாங்கில் ஒட்டிய தூளை உள்ளங்கையால் துடைக்கிறான். அப்போதுதான் அவள் கவனிக்கிறாள்: சீட்டின் பின்பாதியில் கத்தியே படவில்லை, பழைய உயரத்திலேயே இருக்கிறது. “பின்னாடி மட்டும் ஏன் சீவல?” அண்ணன் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, நெட்டைக் கால்களைச் சுகமாக நீட்டி, முன்னால் காலியான இடத்தைத் தட்டிக் காட்டுகிறான். “ஏறு. பிரேக்க மட்டும் மெதுவா புடி.”