பேரை மறைத்த ஆள்

2005 தை மாதம், ஆரணியில் சுகன்யாவைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து ஹேமநாத் வந்தான். பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் சாஃப்ட்வேரை எழுதி விற்பவனாம். கேசரி வருவதற்குள் பெருமையைப் பரிமாறிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்களும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டோம்.

“விலை நாப்பதாயிரம். அப்புறம் வருஷா வருஷம் அஞ்சாயிரம். அதுக்கு இன்டர்நெட்ல ஒரு ஆளு, பேரை மறைச்சிகினு ஆறு மாசமா என்னை பேஜார் பண்றான்.”

“என்னான்னு?” என்றார் சுகன்யாவின் அப்பா சிவப்பிரகாசம்.

“‘தறிக்கு டிசைன் அட்டை ஒரு தபா வாங்கினா நூறு புடவை நெய்யறோம். அட்டைக்காரன் வருஷா வருஷம் வந்து காசு கேக்கறானா?’ன்னு எழுதறான். வாங்க இருந்தவங்கல்லாம் அவன் பக்கம் சாஞ்சிட்டாங்க.”

சுகன்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹேமநாத்தின் முகம் வெளுத்தது. சம்பந்தம் போச்சு என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

“நீங்கதானா அது?” என்று சுகன்யாவைக் கேட்டான்.

“ஐயோ, எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க. அது எங்கம்மா.”

கேசரித் தட்டோடு வந்த அம்மா அபிதகுசாம்பாள் அசரவில்லை.

“இந்தத் தெருவுக்கே டிசைன் போடறவ நான். பொண்ணு குடுக்கறது வேற, விலை வேற தம்பி. அந்த அஞ்சாயிரத்தை எடுக்கற வரைக்கும் எழுதிகினுதான் இருப்பேன்.”

சிவப்பிரகாசம் தலை நிமிர்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

ஹேமநாத் எழுந்து நின்று தட்டை வாங்கினான்.

“எடுத்துட்டேன் அத்தை,” என்றான்.

அதற்குப் பிறகு ஜாதகத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை.