அசையாத கோடு

பிரேக் அக்கா மைக்கைக் கையில் எடுத்ததும், கேபினில் உட்கார்ந்திருந்த, சேறு கலக்கும் கெமிஸ்ட் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். வேடிக்கை பார்க்கும்போது கை சும்மா இருக்க வேண்டும் அவருக்கு.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எண்ணெய்க் கிணறு தோண்டும் அந்த முகாமில் அது யாருக்கும் நினைவில்லை. ஓடுகிற பம்பை மூன்று தடவை நிறுத்தச் சொல்லி, மூன்று தடவையும் ஒன்றுமில்லாமல் போனதால், பிரேக் அக்கா.

அவள் வேலை, திரையில் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது. பம்ப் கிணற்றுக்குள் செலுத்திய சேறு சுற்றிக்கொண்டு மேலே வந்து விழுகிற தொட்டியின் மட்டம் அது. அடியில் வாயு புகுந்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டு வரும். தொட்டி ஏறும், கோடும் ஏறும். கண்டுகொள்ளாமல் விட்டால், கிணற்று மேடையில் நிற்கிற பதினோரு பேரையும் அப்புறம் தேடத்தான் வேண்டும்.

அந்த மூன்று தடவையும் கோடு ஏறத்தான் செய்தது. இரண்டு முறை கெமிஸ்டின் ஆட்கள் யாரிடமும் மூச்சுவிடாமல் தொட்டிக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். இன்னொரு முறை சேறு வடிகட்டும் சல்லடையைக் கழுவிய குழாயை மூடாமல் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பழி மட்டும் பத்திரமாக அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

பதிவேட்டில் ஒருவர் பெயரில் நான்கு வீண் நிறுத்தம் என்றால் கிணற்றுப் பக்கமே வரக்கூடாது, ஆபீசில் ஃபைல் அடுக்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் விதி. ஆறு வருஷம் அலைந்து அவள் வாங்கிய நாற்காலி இது. இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும்.

இன்றைக்கோ கோடு ஏறவும் இல்லை. ஒரு மணி நேரமாக ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகக் கிடந்தது.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. பள்ளம் ஆழமாக ஆக, அதை நிரப்பச் சேறு போகும். தொட்டி கொஞ்சமாவது இறங்கியாக வேண்டும். பத்து மீட்டர் தோண்டிய பிறகும் இறங்கவில்லை என்றால், போனதற்குச் சரியாக எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

"சார், உங்க ஆளுங்க தண்ணி விட்டாங்களா?"

"அய்யோ, எல்லா வால்வுக்கும் பூட்டுப் போட்டாச்சு. சாவி என்கிட்ட." கெமிஸ்ட் கொத்தை ஆட்டிக் காட்டினார். பட்ட பாடு அப்படி.

மேலே யாரும் விடவில்லை. அப்படியானால் கீழேயிருந்துதான்.

"அண்ணே, பம்பை நிறுத்துங்க. பாக்கணும்."

"வந்துட்டியா தாயே! எவ்வளவு ஏறிச்சு?" மேடையில் பம்பையும் துளைக்கருவியையும் இயக்கும் டிரில்லருக்கு முகாமில் மீசை என்று பெயர். அவர் குரல் ஒலிபெருக்கியில் முகாம் முழுக்கக் கேட்டது. அவளைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

"ஏறலண்ணே."

"சரி, இறங்கிடுச்சா?"

"இறங்கவும் இல்ல. அதான்."

மேடையே சிரித்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நிறுத்தச் சொன்னவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று யாரோ கத்தினார்கள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பம்ப் நின்றிருந்தது. மீசை அவ்வளவு சீக்கிரம் நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

எல்லோரும் தொட்டிக்குச் சேறு கொட்டுகிற குழாயைப் பார்த்தார்கள். பம்ப் நின்றால் அதுவும் நின்றுவிட வேண்டும். மணிக்கட்டுக் கனத்தில் விழுந்த சேறு விரல் கனமானது. விரல், நூலானது. கெமிஸ்ட் மறுபடி டீயை எடுத்தார்.

அவள் மனதுக்குள் ஃபைல்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

நூல் அறுபடவில்லை.

விரல் கனமானது. பிறகு மணிக்கட்டு.

மீசை லீவரை இழுத்தார். கிணற்றின் வாயை அடைக்கும் பெரிய வால்வு மூடிக்கொண்டது. பூஜ்யத்தில் தூங்கிக்கொண்டிருந்த அழுத்தமானியின் முள் எழுந்து, நடந்து, ஓர் இடத்தில் நின்றது. வாயு அடியிலேயே மாட்டிக்கொண்டது. இனி கனமான சேற்றை இறக்கி நிதானமாக வெளியேற்றிக்கொள்ளலாம்.

பதினோரு பேரும் தங்கள் காலாலேயே டீ குடிக்கப் போனார்கள். அதிகம் சிரித்தவன் அவளைத் தாண்டும்போது, "சாப்ட்டீங்களாக்கா?" என்றான். வேறென்ன கேட்பான்?

முள் நின்ற அளவைக் குறிக்க அவள் டிரில்லர் அறைக்குப் போனாள். மேஜைமேல் தினப் பதிவேடு. அதில் 'நிறுத்தச் சொன்னவர்' என்று ஒரு கட்டம் உண்டு.

கை சும்மா இருக்குமா? பழைய மூன்று நாட்களின் பக்கங்களைப் புரட்டினாள்.

மூன்றிலும் மீசையின் கோணல் எழுத்து. மூன்றிலும் மீசையின் பெயர்.

அவள் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஃபைல் அடுக்கப் போவதற்கு ஒன்றே ஒன்று பாக்கி வைத்திருந்தவர் அவர்தான்.

"என்ன தாயே, அங்கயும் ஏதாவது ஏறுதா?" வாசலில் நின்று மீசை கேட்டார்.

அவள் இன்றைய பக்கத்துக்குத் திருப்பினாள். மை காயவில்லை.

அந்தக் கட்டத்தில், அதே கோணல் எழுத்தில், அவள் பெயர் இருந்தது. இனிஷியலோடு, முழுசாக.