கற்பூரச் சத்தியம்

"கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லுறா கிரிஜா அக்கா. எனக்குச் சிரிப்பாக் கிடக்கு, சின்னம்மா!"

கேக் பெட்டியின் நூலை அவிழ்த்தபடி சொன்னாள் ஆர்த்திகா. இன்று அவளுக்குப் பிறந்தநாள். புவாண்ட்-கிளேரில் வேலை முடிந்ததும் பஸ் மாறி, வழக்கம்போலக் கேக்கோடு வில்லரேயில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் சின்னம்மா வித்தியா. அவளுடைய அக்கா, ஆர்த்திகாவின் அம்மா நல்லம்மா, குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தியமாம்?"

"என்ர முட்டையில பிறக்கிற பிள்ளையிட்ட, அது என்ர முட்டை எண்டு சாகும்வரைக்கும் சொல்லக்கூடாதாம். நாளைக்குக் கோயிலுக்கு வரட்டாம்."

பெரியம்மாவின் மகள் கிரிஜாவுக்குப் பிள்ளை இல்லை. வேறொருத்தியின் கருமுட்டை வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், அவள் வந்து கேட்டது ஆர்த்திகாவிடம்தான். இவளும் உடனே தலையாட்டிவிட்டாள். குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

வித்தியா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் பிள்ளை."

"பூர்குவா? ஏன், முட்டை குடுக்க வேண்டாமோ?"

"முட்டையைக் குடு. சத்தியம் மட்டும் பண்ணாதை."

"ஐயோ, எனக்கு ஊசிக்குத்தான் பயம். சத்தியத்துக்கு என்ன பயம்?"

"ஊசி அவ்வளவு நோகாது. வயிறுதான் கொஞ்ச நாளைக்கு ஊதிக் கிடக்கும். பேந்து வத்தியிடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்ரநெற்றில இல்லாததோ?"

ஆர்த்திகாவுக்கு வேடிக்கையாக இருந்தது. போனில் ஒரு படம் அனுப்புவதற்கே இவளைக் கூப்பிடுகிற ஆளுக்கு இன்ரநெற்றாம்!

"சத்தியம் பண்ணாட்டி அவ வேண்டாமெண்டிடுவா, சின்னம்மா. பிறகு அவவுக்குப் பிள்ளையே இல்லை. வாயை மூடிக்கொண்டிருக்கிறது பெரிய வேலையோ? பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னாலதானே வளரப்போகுது. என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடும். பிறந்தநாளுக்கு நான் கேக் கொண்டு போவன். சந்தோசம்தானே?"

வித்தியா மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகக் கேக்கில் குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இவவுக்கு நீங்களாவது சொல்லுங்கோ!"

வடைத் தட்டோடு வந்த நல்லம்மா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வித்தியா, வேண்டாம். நீ எனக்குக் கோயில்ல வச்சுச் சத்தியம்..."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இனியும் என்னால ஏலாது," என்ற வித்தியா, ஆர்த்திகாவின் பக்கம் திரும்பினாள்.

"சந்தோசம்தான் பிள்ளை. ஆனா ஒவ்வொரு வருசமும் உனக்குக் கேக்கைத் தந்திட்டு, நீ என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிடுறதையும் கேட்டிட்டு, பஸ்ஸில அழுதுகொண்டுதான் நான் திரும்பிப் போறனான்."