ரெண்டாம் தியேட்டருக்கு டிவி வேணாம்

"எனக்கு எதுக்கு சார் டிவி? நீங்களே வச்சுக்கிட்டுப் பாருங்க!"

டாக்டர் சங்கமித்ரா சொன்னதும் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் டாக்டர் சீனிவாசராகவன் மட்டும்தான்.

டிவி என்று அவள் நக்கலடித்தது வீடியோ லாரிங்கோஸ்கோப்பை. மயக்க மருந்து கொடுத்த கையோடு நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டாக வேண்டும். பழைய முறையில், நாக்கைத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே வழி கண்டுபிடிக்கணும். புதுசில் நுனியிலேயே கேமரா. தொண்டை பெரிசாகத் திரையில் தெரியும்.

பெங்களூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தியேட்டர் ரெண்டு, மயக்க டாக்டர் ரெண்டு, மெஷின் மட்டும் ஒன்றே ஒன்று.

முதல் தியேட்டர் சீனிவாசராகவனுடையது. ரெண்டாவது சங்கமித்ராவுடையது. உள்ளூர் ஸ்ரீராம்புரத்துப் பெண், சின்ன வயசு, வாய் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் ஷோபா சிஸ்டர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து "யாருக்கு?" என்பாள். தினமும் இதே பதில்தான் வரும்.

சீனிவாசராகவனுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? அவர் கண்ணில் புரை விழுந்து ஆறேழு மாசமாகிறது. வாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒரே புகைமூட்டம். பெரிய திரை இருப்பதால் பிசகில்லாமல் வேலை ஓடுகிறது. இந்த விஷயம் அவர் மனைவி சொர்ணத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் 'போதும், வீட்டுக்குப் போங்க' என்று மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்திலேயே கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

"திமிர்டி! 'எனக்குக் கண்ணு இருக்கு, உனக்கு இல்ல'ன்னு தினமும் சொல்லிக் காட்டறா," என்று சொர்ணத்திடம் பொருமுவார்.

"அந்தப் பொண்ணு ஏதோ விளையாட்டுக்குச் சொல்றா. விடுங்களேன்."

"விளையாட்டா? நீ வந்து பாரு!"

இது போதாதென்று காபி வேறு. ஒரு கேஸை முடித்துவிட்டு நிமிர்ந்தால் போதும், தியேட்டர் அட்டெண்டர் பிரகாஷ் கையில் டம்ளரோடு நிற்பான்.

"மேடம் குடுக்கச் சொன்னாங்க சார். ரூம்ல உக்காந்து நிதானமாக் குடிப்பீங்களாம்."

கிழவனை மூலையில் உட்கார வைக்கிறாளா? ஆத்திரமாக வரும். ஆனால் காபி நன்றாக இருக்கும். குடித்துவிடுவார்.

அன்றைக்கும் காபி வந்தது. உட்கார்ந்தவர் சட்டைப்பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் காணோம். எடுக்கலாம் என்று தியேட்டருக்குத் திரும்பினார். கண்ணாடி இருந்தது. மெஷினைக் காணவில்லை!

ரெண்டாம் தியேட்டர் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

மேஜையில் ஆபரேஷனுக்காக ஆனேக்கல்லிலிருந்து வந்த கோவிந்தப்பா படுத்திருந்தார். மனுஷனுக்குக் கழுத்து எங்கே முடிந்து மோவாய் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது, அப்படி ஒரு உடம்பு. அவர் தலைமாட்டில் சங்கமித்ரா. எதிரே அதே டிவி! திரையைப் பார்த்தபடியே கையை லேசாகத் திருப்பினாள். ட்யூப் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. என்னமோ பிறந்ததிலிருந்து அதிலேயே பழகியவள் மாதிரி.

அடிப் பாவி!

வெளியே நின்ற ஷோபாவைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா சிஸ்டர் இந்த அநியாயத்தை? ஊரைக் கூட்டி வேணாம்னு சொல்லிட்டு, எனக்குத் தெரியாம எடுத்து வச்சுக்கறாளா? இப்பவே சூப்பரிண்டெண்ட்கிட்ட போறேன். மானத்தை வாங்கறேனா இல்லையா பாரு!"

"அய்யோ சார், சும்னிரி!" பதற்றத்தில் ஷோபாவுக்குக் கன்னடம் வந்துவிட்டது. "சும்மா இருங்க, மெதுவாப் பேசுங்க. இவர் மாதிரி கழுத்தே இல்லாத கஷ்டமான கேஸ் வந்தா எப்பவும் இப்படித்தான். உங்களுக்குக் காபி அனுப்பிட்டு, வாய்க்குள்ள போற பிளேடை மட்டும் புதுசா மாட்டி எடுத்துக்குவாங்க. நீங்க டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள மெஷின் உங்ககிட்ட வந்துடும்."

"எதுக்கு இந்த நாடகம்? வாயைத் திறந்து கேட்டா நான் குடுக்க மாட்டேனா?"

ஷோபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டா குடுத்துடுவீங்கன்னுதான் சார் அவங்களுக்கு பயம்."

"என்னது?"

"'சாருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு ஷோபா. மருந்து பாட்டிலை ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய்ப் படிக்கறார். வெளிய சொல்லவும் மாட்டார். நான் மெஷின் கேட்டா கௌரவம் பாத்து விட்டுக் குடுத்துட்டு, பாவம், தடுமாறுவார். கிண்டல் பண்ணாத்தான் ரோஷத்துல கெட்டியாப் புடிச்சுக்குவார்'னு சொன்னாங்க சார்."

சீனிவாசராகவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"சொர்ணம், அந்தக் கண் டாக்டர்கிட்ட தேதி வாங்கிடு. அடுத்த வாரமேன்னாலும் சரி."

அதற்குள் கதவைத் திறந்த சங்கமித்ரா, அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். உள்ளே இருந்த மெஷின் தெரியாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சார் இங்க? காபி ஆறிப் போயிருக்குமே!"

"ஏம்மா, உனக்கு இன்னிக்கு இன்னும் எத்தனை கேஸ்?"

"ரெண்டு சார்."

"கழுத்தெல்லாம் எப்படி?"

"ரெண்டும்... இவரை மாதிரிதான் சார்."

"அப்படின்னா பிரகாஷ்கிட்ட இன்னும் ரெண்டு காபி சொல்லிடு," என்றார் சீனிவாசராகவன். "மெதுவாவே குடிக்கறேன்."